ஒன்பது மணிக்கு மேல் உலக முடிவு தெரியாது

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கு நுவரெலியாவில் கிடைக்கும் புத்திமதி ஒன்றுதான். வாடகை வான் ஓட்டுகிறவரும் சொல்வார், விடுதிக் காவலாளியும் சொல்வார்: "ஒம்போது மணிக்குள்ள உலக முடிவுக்குப் போயிறணும் சேர். பொறகு ஒண்ணும் தெரியாது." நான்கரைக்கு அலாரம் வைத்து எழும்பி, நடுங்கி நடுங்கி முகம் கழுவி, பாணும் சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு சனம் புறப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். பிந்திப் போனவர்கள் மலைவிளிம்பில் நின்று வெறும் வெள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அதென்ன ஒன்பது மணி? ஆறு மணிக்கு இல்லாத மூடுபனி ஒன்பதுக்கு எங்கிருந்து வருகிறது? வெயில் ஏற ஏறப் பனி விலகும் என்றுதான் கீழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியும். இங்கே வெயில் ஏற ஏறத்தான் பனி வருகிறது. இதற்குக் காரணம் பிடிபட்டால், அந்த மலைமேட்டில் கண்ணில் படுகிற பாதிச் சங்கதிகளுக்கும் காரணம் பிடிபட்டுவிடும்.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்து, அங்கே தொடங்கும் ஏ7 வீதியில் கித்துல்கல, கினிகத்தேன, ஹட்டன், தலவாக்கலை என்று ஏறி நுவரெலியாவை அடைய ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். நீண்ட வார இறுதி என்றால் இன்னும் இழுக்கும். அந்த நேரத்தில் கவனிப்பதற்கு நல்லதொரு கருவி, கொழும்பில் வாங்கிய உருளைக்கிழங்குச் சிப்ஸ் பைக்கற். அவிசாவளையில் தொய்ந்து கிடந்தது ஹட்டனில் விறைத்துக்கொள்ளும். நுவரெலியாவில் வெடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு உப்பியிருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது கடல்மட்டத்துக் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். வெளியிலிருந்து நெருக்குவது குறைந்ததும் உள்ளே இருப்பது விரியப் பார்க்கிறது.

மலையேறும் எந்தக் காற்றுக்கும் இதே கதிதான். அதை அடக்கிவைக்க உறை இல்லாததால் தாராளமாக விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன்னுடைய சூட்டிலிருந்தே எடுக்கிறது, ஆகவே குளிர்கிறது. ஈரம் இன்னும் ஒடுங்கத் தொடங்காத காற்று ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிரும். ஓரிடத்தில் நின்றபடி இருக்கும் வளிமண்டலத்தின் சராசரி இதைவிடக் குறைவு, 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகை. 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் 13, 14 பாகை. கணக்கு ஒத்துவருகிறது. (அங்கே தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். பிளேன்டீக்கு அது போதும், பருப்பு வேகத்தான் பொறுமை வேண்டும்.)

கினிகத்தேன தாண்டி வட்டவளைப் பக்கம் போகும்போது அநேகமாக மழை பிடிக்கும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று கடலிலிருந்து வந்து முட்டும் மேற்குச் சாய்வு அது. சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து தன் நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. மறுபுறம் இறங்கும்போது நெருக்குண்டு சூடாகி, உலர்ந்து போகிறது. இதைக் கண்ணால் காண வேண்டுமானால் பட்டிப்பொலவிலிருந்து ஒஹியவுக்கு ரயிலில் ஒருமுறை போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுரங்கம். பட்டிப்பொலப் பக்கம் மழைத் தூறலில் உள்ளே நுழைந்த ரயில் ஊவாப் பக்கம் பளிச்சென்ற வெயிலில் வெளியே வருவதுண்டு. மலைமுகட்டைக் குடைந்த ஒரு துவாரத்தின் இரு முனைகளிலும் இரண்டு காலநிலை.

பூங்காவுக்குப் போகும் வழியும் அந்தப் பட்டிப்பொல வழிதான். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுகிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பது வழக்கம். பொலித்தீனைத் தின்று மரைகள் செத்திருக்கின்றன என்பது தெரிந்தால் முணுமுணுக்க மாட்டார்கள். உள்ளே போனதும் அந்த மரைகளே வாகனத் தரிப்பிடத்தில் வந்து நின்று நம்மை முகரும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் வேட்டைக் காடு இது. யானைகளை அவர்கள் இங்கிருந்து அடியோடு ஒழித்துவிட்டார்கள். மரை தப்பிப் பெருகிவிட்டது. அதை வேட்டையாட இப்போது சிறுத்தை மட்டும்தான்.

பூங்காவின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1831 முதல் 1837 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை இடத்துக்கு வைத்தார்கள். கோப்பி மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அது ஏற்கப்பட்டதனால்தான் இன்று நாம் நடப்பதற்கு இங்கே காடு இருக்கிறது. 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமை.

நடைபாதை பார் இன் என்ற பழைய வேட்டை விடுதியிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர் வட்டம்: சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி, மறுபடி பார் இன். முதல் அரை மணித்தியாலத்தில் எல்லோரும் எட்டி நடப்பார்கள், ஒன்பது மணிப் பயம். அவசரத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம். பெரும்பாலான மலைகளில் கீழே காடும் உயரத்தில் புல்லும் இருக்கும். இங்கே பள்ளங்களில் புல், மேடுகளில் காடு. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கத்தியால் வெட்டியதைப் போல அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை வந்தவர்களுக்கு ஒரு காரணம் காலடியிலேயே நொறுங்கும். வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல்களில் "துகள் உறைபனி" என்று சொல்கிறதே, அதுதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்டு நிற்கும் காற்று குளிர்ந்து கனத்து, சாய்வு வழியே மெல்ல வழிந்து, பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் நிற்பதைவிடப் பள்ளத்தில் சில பாகை குளிர் கூட. மரக்கன்றுக்கு உயிர்நிலை நுனியில். ஒரு இரவு உறைந்தால் அந்த ஆண்டின் வளர்ச்சி முடிந்தது. புல்லுக்கு அது மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மேலே கருகினாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். போதாததற்குப் பள்ளத்து மண் சதுப்பாகி ஊறிக் கிடக்கிறது, மரவேர் மூச்சுவிட முடியாது.

ஆனால் குளிர் மட்டும்தான் இந்தப் புல்வெளியைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. தீயும் சேர்ந்திருக்கிறது. சமவெளியின் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் முற்றா நிலக்கரியைத் துளைத்து எடுத்து, அதில் புதைந்த மகரந்தத் துகள்களை இலங்கை, சுவீடன் ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் பதிவு அது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பருவப்பெயர்ச்சி தளர்ந்து இந்த மேடே வறண்டு கிடந்ததையும், பிறகு மழை திரும்பிக் காடு பரவியதையும் அதில் வாசிக்க முடிகிறது. மனிதர் தீயிட்டதற்கும் மந்தை மேய்த்ததற்குமான தடயங்களும் இருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். அவை எவ்வளவு பழையவை என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்தில்லை. புல்வெளி நடுவே தனித்து நிற்கும் மஹா ரத்மல் மரங்களைப் பார்த்தால் தீயின் பங்கை நம்பத் தோன்றும். இரத்தச் சிவப்பாய்ப் பூக்கும் இந்த ரோடோடென்ட்ரானின் பட்டை தடித்தது, தீயைத் தாங்கக்கூடியது. மற்றைய மரங்கள் நுழையாத புல்லுக்குள் இது மட்டும் நிற்கிறது.

எட்டு மணிக்கு உலக முடிவு. தரை திடீரென்று நின்றுவிடுகிறது. செங்குத்தாக 870 மீற்றர் அளவு பள்ளம். (ஆயிரத்து இருநூறு என்று சிலர் சொல்வது மிகை. இருப்பதே கால் கூசப் போதும்.) கீழே தேயிலை, லயன் வீடுகள், ஒரு கோவில் கோபுரம், அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம். வானம் மிகத் தெளிந்த நாளில் தெற்கே கடற்கரை வரை தெரியும் என்பார்கள்.

இந்தச் சுவர் எப்படி வந்தது என்பதில் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. இலங்கை மூன்று படிகளாக அமைந்திருக்கிறது என்று 1929இல் ஆடம்ஸ் என்ற கனடியப் புவிச்சரிதவியலாளர் எழுதினார்: கரையோரத் தாழ்நிலம், நடுப்படி, மலைநாடு. 1940களில் இங்கே அரச கனிப்பொருளியலாளராக இருந்த டி. என். வாடியா, நிலத்துண்டுகள் பிளந்து மேலெழுந்ததால் வந்த படிகள் இவை என்றார். இந்த விளக்கம் பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் இருந்தது. இப்போது எடை வேறு பக்கம் சாய்கிறது. கோண்ட்வானா கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் வெந்து உருமாறிய கடும் பாறை இது. அதன் விளிம்பை அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாய்க் கொறித்துப் பின்தள்ளி வருகிறது என்பது மற்ற விளக்கம்.

அரிக்கும் வேகத்தை அளக்க நேர்த்தியான வழி ஒன்று உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் குவார்ட்ஸ் மணலில் உள்ள ஒட்சிசனைத் தாக்கிப் பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்குகின்றன. மேற்பரப்பில் நீண்டகாலம் கிடந்த மணலில் அது நிறையச் சேர்ந்திருக்கும். சீக்கிரம் அரிபட்டு வந்த மணலில் குறைவாக இருக்கும். இங்கத்தைய ஓடைகளின் மணலை இப்படி அளந்து 2007இல் வெளியிட்ட முடிவு: மேட்டின் மேல்தளம் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீற்றர்தான் தேய்கிறது, உலகிலேயே மிக மந்தமாகத் தேயும் நிலங்களில் ஒன்று. விளிம்புச் சரிவோ அதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் தேய்கிறது. மேலே அசையாத பீடம், ஓரத்தில் மட்டும் கொறிப்பு. விளிம்பு ஏன் இவ்வளவு கூராக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை.

இனி ஒன்பது மணிக்கு வருவோம்.

இரவு முழுக்க மலையிலிருந்து குளிர்காற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கும் காற்றில் மேகம் உண்டாகாது. அதனால்தான் விடியலில் விளிம்பு தெளிவாக இருக்கிறது. சில நாட்களில் பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் வெண்மேகம் பரவிக் கிடக்கும், நாம் அதற்கு மேலே. சூரியன் ஏறியதும் நிலைமை மாறுகிறது. தெற்கைப் பார்த்த சுவர் இது. மார்கழி, தை மாதங்களில் சூரியனும் தெற்கே சாய்ந்து நிற்பதால் வெயில் முழுவதையும் இந்தச் சுவர் வாங்குகிறது. பாறை சூடாகிறது, அதைத் தொட்ட காற்று சூடாகி இலேசாகிச் சுவரோடு ஒட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது அடிவாரத்தின் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. தேயிலையும் காடும் இரவில் நனைந்து காலையில் ஆவியாக விடும் ஈரம் அது.

எவ்வளவு உயரத்தில் அது மேகமாகும்? கையாலேயே கணக்குப் போடலாம். காற்றின் வெப்பநிலை ஒன்று, அதன் பனிபடுநிலை இன்னொன்று; அதாவது, எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றில் உள்ள நீராவி ஒடுங்கத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. ஏறும் காற்று 100 மீற்றருக்கு 1 பாகை குளிர்கிறது என்று பார்த்தோம். பனிபடுநிலையும் ஏற ஏறக் குறையும், ஆனால் மெதுவாக, 100 மீற்றருக்கு 0.2 பாகை அளவுதான். ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி 100 மீற்றருக்கு 0.8 பாகை வீதம் குறுகும். வேறு விதமாகச் சொன்னால், ஒரு பாகை இடைவெளிக்கு 125 மீற்றர். இடைவெளி தீரும் உயரத்தில் மேகத்தின் அடி.

உலக முடிவின் அடிவாரம் 1,250 மீற்றர் அளவில். அங்கே காலை ஒன்பதரைக்குக் காற்று 24 பாகை, பனிபடுநிலை 17 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 7. ஏழை 125ஆல் பெருக்கினால் 875 மீற்றர். விளிம்பு இருப்பது 870 மீற்றருக்கு மேலே. கீழே லயத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் நல்ல உயரத்தில் ஒரு மேகம். விளிம்பில் நிற்கும் நமக்கு அதே மேகம் முகத்தில்.

எண்களை மாற்றிப் பார்த்தால் ஒன்பது மணி விதியின் விலக்குகளும் இதே கணக்கில் வந்து விழுகின்றன. தென்மேல் பருவப்பெயர்ச்சி வீசும் மாதங்களில் காற்று ஏற்கனவே ஈரத்தில் ஊறியிருக்கும், இடைவெளி இரண்டு மூன்று பாகைதான். மேகத்தின் அடி விளிம்புக்கு வெகு கீழேயே தொடங்கிவிடும். அப்போது ஐந்து மணிக்குப் போனாலும் வெள்ளைதான், அலாரம் வைத்தது வீண். பெப்ரவரியில் வறண்ட காற்று வந்த ஒரு நாளில் இடைவெளி பத்துப் பாகை என்றால் மேகம் விளிம்புக்கு நானூறு மீற்றர் அளவு மேலே நிற்கும். பதினொரு மணிக்கு ஆறுதலாகப் போகிறவர்களும் கடைசி வரை பார்த்துவிட்டு வருவார்கள். இப்படிப் பார்த்தவர்கள் சாரதிகள் பொய் சொல்கிறார்கள் என்று ஊரில் போய்ச் சொல்லுவதும் நடக்கிறது. விதி பொய்யில்லை, அது ஒரு சராசரி. போகிறதற்கு முதல் நாள் பகலில் கீழ்நாடு எப்படி இருந்தது, உடம்பு பிசுபிசுத்ததா காய்ந்ததா என்று பார்ப்பது அலாரத்தை விடப் பயன் தரும்.

மூடுபனி வந்ததும் கூட்டத்தில் பாதி வந்த வழியே திரும்பிவிடும். அது நல்லது. மீதி ஐந்து கிலோமீற்றருக்கும் பாதையில் சத்தம் குறைவு. உண்மையைச் சொன்னால், காடு வேலை செய்வதைப் பார்க்கத் தோதான நேரம் இனித்தான்.

மேகத்துளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்றைச் செய்ய, நூறில் ஒரு மில்லிமீற்றர் குறுக்களவுள்ள மேகத்துளிகள் பத்து இலட்சம் வேண்டும். அவ்வளவு சிறியது காற்றில் விழாது. செக்கனுக்கு ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவாக இறங்கும், அதற்குள் காற்று அதைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். திறந்த புல்வெளியின் மேலே மேகம் இப்படியே கடந்து போகிறது; மழைமானியில் ஒன்றும் பதியாது. காட்டுக்குள் நுழையும்போது இலை, சுள்ளி, பாசி என்று ஆயிரம் தடைகள். காற்று வளைந்து போய்விடும். துளிக்குக் கொஞ்சம் எடை உண்டு, வளைய முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை சேர்ந்து பெருத்துச் சொட்டும். புல்வெளியிலிருந்து கீன மரங்களின் அடிக்குப் போகும் இடத்தில் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் நடந்து பாருங்கள். வெளியே மழையில்லை. மரத்தின் கீழே மழை.

மரம் மழையைக் கொண்டுவரும் என்று பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதியிருப்பதை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். பெரும்பாலான இடங்களில் அது அவ்வளவு நேரான கதையில்லை. முகில் காட்டில் மட்டும் அது சொல்லுக்குச் சொல் சரி. வெப்பமண்டல மலைகளில் எடுத்த அளவீடுகளில் இப்படிப் பிடிபடும் நீர் வழக்கமாக மழையின் 5 முதல் 20 சதவீதம். மழையே இல்லாத மாதங்களில் பங்கு இன்னும் பெரிது. அதோடு, நனைந்த இலை தன் நீரை வெளியே விடாது, மூடிய வானத்தில் ஆவியாதலும் குறைவு. வரவு கூட, செலவு குறைவு. மிச்சமெல்லாம் ஓடைக்கு.

இந்த நீருக்கு மரங்கள் கொடுக்கும் விலை உருவத்தில் தெரிகிறது. தாழ்நிலத்து மழைக்காட்டில் முப்பது, நாற்பது மீற்றர் வளரும் காடு இங்கே பெரும்பாலும் பத்து மீற்றரைச் சுற்றியே நிற்கிறது. தண்டுகள் முறுக்கேறி, உச்சி குடையாகத் தட்டையாகி, இலைகள் சிறுத்துத் தடித்து. இலையை மூடிய ஈரப்படலம் காபனீரொட்சைட்டு உள்ளே போவதைத் தடுக்கிறது, வெளிச்சம் குறைவு, குளிர்ந்து ஊறிய மண்ணில் இலைக்குப்பை மெல்லத்தான் மக்குகிறது, ஆகவே ஊட்டமும் குறைவு, மேகம் விலகிய நேரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. (குளிராயிற்றே என்று தொப்பியில்லாமல் போன நம்மவர்களின் மூக்கு அடுத்த நாள் உரிவதும் அதனால்தான்.) வளர்ச்சி மெதுவாகிவிட, அந்த மெதுவான தண்டில் பாசியும் லைக்கனும் ஓர்கிட்டும் குடியேறுகின்றன. அவைதான் மேகத்தைப் பிடிப்பதில் மரத்தையே மிஞ்சியவை.

இந்தப் பாசிக்குள் பொறுமையாகத் தேடினால் இரண்டு ஓணான்களைக் காணலாம். ஒன்றுக்கு மூக்கில் வெள்ளைக் கொம்பு. மற்றது சின்னது, மந்தமாக ஊரும், வாலால் சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். இலங்கை ஓணான்களில் அபூர்வமாகக் குட்டி போடுகிற இனம். குளிர்ந்த மண்ணில் இட்ட முட்டை பொரிக்க நெடுநாள் ஆகும். வயிற்றிலேயே வைத்திருக்கும் தாய், வெயில் விழும் கிளையாகப் பார்த்து நகர்ந்து குட்டிகளுக்குச் சூடு காட்டலாம். இரண்டும் உலகில் இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. இதே காட்டின் தேவாங்கு இன்னும் அரிது. அடர்ந்த மயிரும் குட்டைக் கைகால்களும் கொண்ட அந்த மலைத் தேவாங்கு அழிந்துபோயிற்று என்றே பல பத்தாண்டுகள் எண்ணியிருந்தார்கள். அதை முதன்முதலாகப் படம்பிடித்தது 2009இல்தான்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் வழுக்கும், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கிறது. அழகான, சின்ன வீழ்ச்சி. நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போவதற்கு முன் நுவரெலியாவில் கமம் செய்து பார்த்த சாமுவேல் பேக்கரின் பெயர் அது. வீழ்ச்சியை விட அதில் விழும் நீர் போகும் இடம் சுவையானது. அது பெலிஹுல் ஓயா. மலைச்சுவரைத் தாண்டி இறங்கி வளவை கங்கையோடு சேரும் இடத்தை ஒட்டி 1992இல் கட்டி முடித்ததுதான் காலையில் விளிம்பிலிருந்து கண்ட சமனலவெவ, 120 மெகாவாற் மின்சாரம். இதே மேட்டின் மற்ற பக்கங்களிலிருந்து வடியும் ஓடைகள் மகாவலிக்கும் களனிக்கும் போகின்றன. வளவை தெற்கே அம்பலாந்தோட்டையில் கடலைத் தொடுகிறது, களனி மேற்கே கொழும்பில், மகாவலி 335 கிலோமீற்றர் சுற்றிக் கிழக்கே கொட்டியாரக் குடாவில். முப்பது சதுர கிலோமீற்றர் சொச்சமுள்ள ஒரு பூங்காவுக்கு இது பெரிய பட்டியல்.

திரும்பும் வழியில், பட்டிப்பொல வாசலை நெருங்கும்போது தொட்டுபொல மலை தெரியும், 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். அதன் சரிவில் சாம்பல் நிறத்தில் மொட்டை மரங்கள் நிற்கின்றன. தீயில்லை, கோடரியில்லை. நின்ற இடத்திலேயே நுனியிலிருந்து காய்ந்து செத்தவை. 1970களின் இறுதியிலிருந்து இது ஆய்வாளர்களின் கண்ணில் பட்டு வருகிறது. கீனவும் நாவல் குடும்பத்து மரங்களும் அதிகம் அடிபட்டிருக்கின்றன. கொல்லும் கிருமி ஒன்று என்று யாராலும் விரல் நீட்ட முடியவில்லை. வறட்சி, மண் அமிலமாதல், காற்றோடு வரும் ஈயம் முதலான மாசு, மரைகள் கன்றுகளைக் கடித்துவிடுவது என்று சந்தேக நபர்கள் பலர்.

மேகத்தைப் பிடித்துக் குடிக்கும் காட்டுக்கு மேகத்தில் என்ன கரைந்திருக்கிறதோ அதையும் குடிக்க வேண்டியிருக்கிறது. மழைத்துளியை விட மேகத்துளியில் மாசு செறிவாக இருக்கும் என்பதால் மாசுக் கட்சிக்குப் பலம் உண்டு. இன்னொரு கட்சி இயற்கைச் சாவு என்கிறது. ஹவாய்த் தீவில் இதேபோல் ஒஹியா மரக்காடுகள் கூட்டமாகச் செத்தபோது, ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் ஒரே காலத்தில் முதுமையடைந்து தளர்கின்றன என்று விளக்கியவர் டீட்டர் முல்லர்-டொம்போயிஸ். இலங்கை மலைப் புல்வெளிகளையும் முன்னர் ஆராய்ந்தவர் அவர். அவருடைய விளக்கம் இங்கே முழுதாகப் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. செத்த மரத்தின் இடத்தில் அடுத்த தலைமுறை போதிய அளவு எழும்பவில்லை என்பதுதான் காரணம்.

வறட்சி என்ற காரணத்தோடு நம் கைக்கணக்கு மறுபடி சேர்ந்துகொள்கிறது. மேகத்தின் அடியைத் தீர்மானிப்பது கீழ்நாட்டுக் காற்றின் சூட்டுக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள இடைவெளி. அடிவாரத்தில் காட்டை வெட்டினால் காற்று சூடாகும், ஈரம் குறையும், இடைவெளி விரியும். கொஸ்டாரிக்காவின் மொண்டிவேர்டே முகில் காட்டில் 1999இல் வெளியான ஆய்வு, மூடுபனியில்லாத நாட்கள் கூடி வருவதையும் தவளைகளும் பல்லிகளும் குறைந்ததையும் காட்டியது. கடற்பரப்பு சூடாவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த இன்னொன்று, மலையடிவாரத் தாழ்நிலத்தில் காடழித்ததே மேகத்தின் அடியை உயர்த்துகிறது என்றது. இரண்டில் எது எவ்வளவு என்ற விவாதம் இருக்கட்டும். மேகம் உயர்ந்தால் அதைக் குடிக்கும் மரமும் உயரத்துக்குப் போக வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளியில் நடைபாதை கிடக்கும் மட்டம் ஏறத்தாழ 2,100 மீற்றர். பூங்காவின் உச்சி கிரிகல்பொத்த, 2,395 மீற்றர். நடுவே முந்நூறு மீற்றர்கூட இல்லை. ஒரு பாகைக்கு 125 மீற்றர் என்ற கணக்கில், இடைவெளி இரண்டரைப் பாகை விரிந்தால் அது முழுவதும் தீர்ந்துவிடும்.